குளிர் மலையில் சாண எரிவாயு: இரண்டு மாடுள்ள வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

கொட்டிலில் இரண்டு ஜெர்சி மாடுகளும், வீட்டை ஒட்டிச் சிறிது காய்கறி நிலமோ தேயிலையோ உள்ள நீலகிரிக் குடும்பங்களை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மலையடிவார மேட்டுப்பாளையத்தில் நன்றாக எரியும் கலனை, அதாவது சாணக் கரைசலைச் செரிக்கவைத்து வாயு எடுக்கும் மூடிய தொட்டியை, அதே அளவில் கோத்தகிரியிலும் கேத்தியிலும் கட்டியவர்கள், முதல் மார்கழியிலேயே அடுப்பு அணைந்துபோக, தொட்டியைக் கைவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தவறு கொத்தனாரிடமும் இல்லை, மாட்டிடமும் இல்லை. குளிரைக் கணக்கில் சேர்க்காததுதான் தவறு.

சாணத்தைச் செரித்து மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பம் உகந்தது. 15 டிகிரிக்குக் கீழே அவற்றின் வேலை மிகவும் மெதுவாகிவிடுகிறது. 10 டிகிரியை நெருங்கும்போது ஏறக்குறைய நின்றேவிடுகிறது. ஆகவே மலையில் செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு நோக்கங்கள் உண்டு: கலனின் சூட்டைக் காப்பது, சூடு குறைந்த இடத்தில் கூடுதல் நாள்களைக் கொடுப்பது.

1. குழி தோண்டும் முன் சாணத்தை எடை போடுங்கள்

கலனின் அளவை முடிவு செய்ய வேண்டியது சாணம். குடும்பத்தில் எத்தனை பேர் என்பது அதற்குப் பிறகுதான். ஏழு நாள்களுக்குக் காலையிலும் மாலையிலும் கொட்டிலில் கிடைக்கும் சாணத்தை வாளியில் அள்ளித் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கட்டிப்போட்டு வளர்க்கும் கலப்பின மாடு ஒன்று நாளுக்கு 10 முதல் 15 கிலோ வரை தரும். பகலில் மேய்ச்சலுக்குப் போகும் மாடு என்றால் அதில் பாதி புல்வெளியிலேயே போய்விடும்.

இரண்டு மாடுகளுக்கு 25 கிலோ என்று கொள்வோம். சம அளவு நீர் சேர்த்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 லிட்டர் கரைசல் உள்ளே போகிறது. வெப்பமான சமவெளியில் இந்தக் கரைசல் 30 நாள்கள் உள்ளே தங்கினால் போதும். குளிர்ந்த மலைப்பகுதிக்கு 55 நாள்கள் என்று கணக்கிடுவது வழக்கம். அதாவது அங்கே 1500 லிட்டர் போதுமான இடத்தில் இங்கே 2750 லிட்டர் வேண்டும். வாயு தேங்குவதற்கு மேலே இன்னும் 300 லிட்டருக்குக் குறையாமல் இடம் விட வேண்டும். சமவெளி வரைபடத்தை அப்படியே எடுத்து வருபவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். கரைசல் செரித்து முடிவதற்குள்ளேயே அவர்களுடைய கலனிலிருந்து வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது.

எதிர்பார்ப்பையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். நல்ல வெப்பத்தில் ஒரு கிலோ புதுச் சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் வாயு தரும்; 25 கிலோவுக்கு ஒரு கன மீட்டர். அது 0.43 கிலோ சமையல் சிலிண்டர் வாயுவுக்கு ஈடு என்பதால், ஒரு மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர் மிச்சமாகும். நம் மலையில் பங்குனி, சித்திரையில் இதை ஓரளவு நெருங்கலாம். பனிக்காலத்தில் பாதி கிடைத்தாலே கலன் நன்றாக இயங்குகிறது என்று பொருள்.

மானியம் பெற விரும்பினால், கட்டத் தொடங்கும் முன்பே ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடப்பு விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டி முடித்த பிறகு விண்ணப்பத்துடன் அலைந்தவர்கள் உண்டு.

2. இடம்: வெயில், வடிகால், மண்

காலை பத்து மணி முதல் மாலை நான்கு மணி வரை வெயில் படும் இடமாக இருக்க வேண்டும். கிழக்கோ தெற்கோ பார்த்த சரிவு நல்லது. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று வீட்டுக்கு வடக்கே, சுவர் நிழலில் என் முதல் கலனை அமைத்தேன். ஐப்பசி முதல் மாசி வரை அந்த இடத்தில் வெயில் முகத்தையே காட்டவில்லை. அத்தனை மாதமும் அந்தக் கலன் எனக்குப் பயன்படவில்லை.

கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சில்வர் ஓக், சீகை (வாட்டில் மரம்) இவற்றின் அருகே குழி வேண்டாம். நிழலைத் தவிர, வேர்கள் நாளடைவில் கட்டடத்தை விரிசலாக்கும்.

ஊற்று, கிணறு, ஓடை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியும், முடிந்தவரை அவற்றைவிடத் தாழ்வான பக்கத்திலும் அமையுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை நாலடி ஆழத்துக்குச் சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பது மிகவும் அவசியம். அடியில் நீர் ஊறினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஊறும் நீர் சூட்டைக் களவாடுவதோடு, காலியாக இருக்கும் கலனை அடியிலிருந்து மேலே தூக்கவும் செய்யும்.

படிக்கட்டு நிலத்தின் விளிம்பிலோ, தடுப்புச் சுவரின் காலடியிலோ தோண்டாதீர்கள். குழிக்கு மேட்டுப்புறமாக ஓர் அடி ஆழத்தில் வெட்டுவாய்க்கால் எடுத்து மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதை முதல் நாளே செய்துவிடுங்கள்; கட்டி முடித்த பிறகு செய்யலாம் என்று தள்ளிவைத்தால், வேலை நடுவே ஒரு மழையிலேயே மண் சரிந்து குழி மூடிவிடும். இந்த மாவட்டத்தில் மண் தோண்டும் இயந்திரங்களுக்கு அனுமதி தேவை என்பதால், இந்த அளவுக் குழியை ஆள்களைக் கொண்டு மண்வெட்டியால் தோண்டுவதே எளிது.

3. எந்த வகை

இரும்பு மூடி மிதக்கும் வகை சமவெளிக்கு நல்லது. மலையில் அந்த மூடி இரவெல்லாம் பனியில் நின்று உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடுகிறது. ஈரத்தில் துருவும் விரைவில் பிடிக்கிறது. முழுவதும் மண்ணுக்குள் அமையும் செங்கல் குவிமாடக் கலன், அதாவது தீனபந்து மாதிரி, இங்கே பொருத்தமானது என்பது என் தீர்மானமான கருத்து. மண்ணின் வெப்பம் பகலிரவில் அதிகம் மாறாது. திடீர் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இருப்பதையே இந்த நுண்ணுயிர்கள் விரும்புகின்றன.

குத்தகை நிலத்தில் இருப்பவர்கள் ஆயத்தமாகக் கிடைக்கும் பை வகைக் கலனை வாங்கலாம். அதைப் பள்ளத்தில் இறக்கி, மேலே பசுமைக்குடில் போல பாலித்தீன் கூரை போட்டு, சுற்றிலும் உறுதியான வேலி அடைக்க வேண்டும். காட்டெருமை ஒருமுறை கால் வைத்தால் பை மிஞ்சாது.

4. கட்டுமானமும் கசிவுச் சோதனையும்

குவிமாடம் கட்டிப் பழகிய கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். வீடு கட்டுவதில் தேர்ந்தவரானாலும் இந்த வேலை அவருக்குப் புதிது என்றால் வேண்டாம். குவிமாடத்தின் உட்பூச்சை மெல்லிய அடுக்குகளாக, இடையில் நிறுத்தாமல் பூச வேண்டும். நீர் கசியாத பூச்சு வழியாகக்கூட வாயு கசியும்.

மூடுபனியும் சாரலும் இருக்கின்றனவே, நீர் ஊற்றி ஆற்ற வேண்டாம் என்று இங்கே பலர் நினைக்கின்றனர். குளிரில் சிமெண்ட் இறுகுவது மெதுவாகவே நடக்கும் என்பதால் மூன்று வாரங்கள் ஈரச் சாக்கு போட்டு ஆற்றுங்கள்.

சாணம் இடுவதற்கு முன் கசிவைச் சோதிப்பதைத் தவிர்க்கவே கூடாது. சாணம் நிறைந்த கலனில் கசிவைத் தேடி அடைப்பது மிகக் கடினம். கலனில் நீர் நிரப்பி, வாயு வால்வை மூடி, மேலும் நீர் ஊற்றினால் குவிமாடத்தில் சிக்கிய காற்று அழுத்தம் பெறும். வால்வுக்கு முன்னால் இணைத்த வளைந்த கண்ணாடிக்குழாய் அளவியில் நீர்மட்ட வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. மாலையில் அளந்து மறுநாள் விடியலில் பார்த்தால் மட்டம் இறங்கித்தான் இருக்கும், ஏனெனில் குளிரில் காற்று சுருங்குகிறது. கசிவு என்று பதறிப் பூச்சை உடைத்தவர்களை அறிவேன். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அளந்தால், நாளையும் பிற்பகல் மூன்று மணிக்கே பாருங்கள். அப்போதும் கணிசமாக இறங்கியிருந்தால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா எனத் தேடுங்கள்.

5. குழாயும் அடுப்பும்

கலனிலிருந்து வரும் வாயு நீராவி நிறைந்தது. இரவில் சில்லிட்ட குழாயில் அது நீராகப் படிகிறது. குழாய் எங்காவது தொய்ந்திருந்தால் அந்த இடத்தில் நீர் தேங்கி வழியை அடைத்துவிடும். எனவே முழு நீளத்துக்கும் ஒரே சரிவாக அமைத்து, மிகத் தாழ்வான இடத்தில் நீர் வடிக்கும் குழாய் ஒன்றை வைக்க வேண்டும். நம் மேடுபள்ளத்தில் அந்தத் தாழ்வான இடம் நடுவழியில் வருவதுண்டு. எங்கே வருகிறதோ அங்கேயே வையுங்கள்.

சிலிண்டர் அடுப்பை அப்படியே இணைத்தால் சரியாக எரியாது. அதன் ஜெட் துளை, அழுத்தம் மிகுந்த வாயுவுக்கானது. சாண எரிவாயுவுக்கென்று விற்கும் அடுப்பையே வாங்குங்கள். சமையலறையில் கூரையை ஒட்டி ஒரு காற்றுத் துளை இருக்கட்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலேதான் சேரும். குளிருக்குப் பயந்து எல்லாத் துளைகளையும் துணி வைத்து அடைக்கும் வழக்கத்தை இந்த ஓர் அறையிலாவது விட்டுவிட வேண்டும்.

6. முதல் நிரப்பு: பங்குனியில் தொடங்குங்கள்

பங்குனி அல்லது சித்திரையில் நிரப்பினால் வெயில் துணையாக இருக்கும். கார்த்திகையில் நிரப்பிவிட்டு மாசி வரை ஒரு தீப்பொறியும் காணாதவர்கள் உண்டு. ஆகவே கட்டட வேலையைத் தை மாதத்திலேயே முடிக்கும்படி திட்டமிடுங்கள்.

2750 லிட்டருக்கு ஏறத்தாழ 1300 கிலோ சாணம் வேண்டும். இரண்டு மாடுகளிடமிருந்து இதைச் சேர்க்க 50 நாள்களுக்கு மேலாகும். அதற்குள் பழைய சாணம் காய்ந்து சத்திழந்துவிடும். அக்கம்பக்கத்து மாட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, ஒரு வாரத்துக்குள் நிரப்பி முடிப்பது நல்லது. ஏற்கெனவே இயங்கும் கலன் ஒன்றிலிருந்து செரித்த குழம்பை ஐந்தாறு பெரிய கேன்களில் கொண்டுவந்து சேர்த்தால் நுண்ணுயிர்கள் முதல் நாளிலிருந்தே பெருகும். தயிருக்கு உறை ஊற்றுவதும் இதுவும் ஒரே வேலைதான்.

கரைக்கும்போது கையுறை அணிந்து கையாலேயே பிசையச் சொல்கிறேன். வைக்கோல், சீகைக் குச்சி, கல், கற்பூர மர இலை ஆகியவை கையில்தான் தட்டுப்படும். குச்சியால் கிளறினால் தெரியாது. நம் கொட்டில்களில் ஈரம் உறிஞ்சக் கற்பூர மர இலையைப் பரப்பும் பழக்கம் உண்டு. அந்த இலையின் தைலம் நுண்ணுயிர்களுக்கு ஆகாது. கலன் வைத்திருப்பவர்கள் கொட்டிலில் காய்ந்த புல்லைப் பரப்பட்டும். ஃபினைல் ஊற்றிக் கழுவிய நாளின் சாணமும், ஊசி மருந்து போட்ட மாட்டின் சாணமும் தனியே எருக்குழிக்குப் போகட்டும்.

நிரம்பியதும் நிறுத்துங்கள். வாயு எரியத் தொடங்கும் வரை புதிதாக எதையும் இடக் கூடாது. சமவெளியில் இரண்டு மூன்று வாரங்களில் முடியும் இந்தக் காத்திருப்பு, இங்கே ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை நீளலாம். பொறுமையிழந்து தினமும் சாணம் ஊற்றினால் கரைசல் புளித்துவிடும். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு முன்பே அமிலம் தரும் நுண்ணுயிர்கள் முந்திக்கொள்வதே காரணம்.

7. முதல் தீ

முதலில் சேரும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும்தான் மிகுதி. அதை எரிக்க முயலாமல் திறந்தவெளியில் வெளியேற்றுங்கள். இரண்டாம் முறை சேர்வதையும் அவ்வாறே செய்யுங்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்திருந்தால் அது வெடிக்கக்கூடிய கலவை. குழாய் முனையிலோ குவிமாடத்தருகிலோ தீக்குச்சி கொளுத்திச் சோதிக்கவே கூடாது. சோதனை எப்போதும் அடுப்பில்தான்.

நல்ல தீ நீல நிறத்தில், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருக்கும். மஞ்சளாக எரிந்தால் அடுப்பின் காற்றுத் துளையைச் சற்றுத் திறந்துவிடுங்கள். பர்னரை விட்டு எழும்பி அணைந்தால் காற்றைக் குறையுங்கள்.

8. அன்றாட ஊட்டம்: காலையில் கரைத்து, பிற்பகலில் திறந்துவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் மேல்நிலைத் தொட்டியின் நீர் கையை விறைக்கச் செய்யும். அந்த நீரில் 25 லிட்டரைத் தினமும் கலனுக்குள் ஊற்றுவது, அதைத் தினமும் குளிரவைப்பதற்குச் சமம். ஏழு மணிக்கே வேலையை முடித்துவிட வேண்டும் என்ற பழக்கம் காரணமாக நல்ல கலன்கள் பல தூங்கிவிடுகின்றன.

நீரைக் கருப்பு நிற டிரம்மில் முந்தின நாள் பகலிலேயே வெயிலில் வையுங்கள். மாலையில் அதன்மேல் சாக்கைப் போர்த்துங்கள். காலையில் மாட்டின் கீழிருந்து எடுத்த வெதுவெதுப்பான சாணத்தை அந்த நீரில் கரைத்து, நுழைவாய் அடைப்பானைத் திறக்காமல் கலவைத் தொட்டியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை இறுக்கிக் கட்டுங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் தாளின் அடியில் நீர்முத்துகள் கோத்திருக்கும். கரைசலில் கை வைத்தால் சூடு தெரியும். அப்போது அடைப்பானைத் திறந்துவிடுங்கள்.

நீரில் ஒரு பகுதிக்குப் பதிலாக மாட்டின் சிறுநீரைச் சேர்க்கலாம். கரைசல் தோசை மாவின் பதத்தில் இருக்கட்டும். நீர் மிகுந்தால் கனமானது அடியில் தங்கி, வைக்கோல் மேலே மிதந்து ஏடு கட்டும். நீர் குறைந்தால் வாயு மேலேறாமல் சிக்கிக்கொள்ளும்.

9. காய்கறிக் கழிவும் சோற்றுக் கழிவும்

கலன் மூன்று மாதங்கள் ஒழுங்காக எரிந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். நாளுக்கு ஒரு கிலோ, அதுவும் விரல்நுனி அளவுக்கு நறுக்கி. இரண்டு வாரங்கள் தீ குறையாமல் இருந்தால் சிறிது சிறிதாகக் கூட்டி, சாணத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேத்தி பக்கம் ஒரு வீட்டில், விலை இறங்கி விற்காமல் போன முட்டைக்கோஸ் இரண்டு மூட்டையை ஒரே நாளில் கலனுக்குள் தள்ளினார்கள். நான்காம் நாள் அடுப்பு பற்றவில்லை. வெளியேற்றுத் தொட்டியில் குனிந்தபோது வழக்கமான மண்வாசம் போய், புளித்த மாவின் நாற்றம் வந்தது. லிட்மஸ் தாள் உடனே சிவந்தது. ஊட்டத்தை முழுவதும் நிறுத்தி, சுண்ணாம்புத் தெளிநீரைச் சிறிதளவு ஊற்றி, பிறகு வேறொரு கலனின் குழம்பைச் சேர்த்தோம். நீலத் தீ திரும்ப ஐந்து வாரங்கள் ஆயின. கேரட், உருளைக்கிழங்கு போன்ற மாவும் சர்க்கரையும் நிறைந்தவை விரைவில் அமிலமாக மாறுபவை. முட்டைக்கோஸில் கந்தகமும் மிகுதி என்பதால் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு கூடுகிறது.

மருந்து அடித்த உருளைக்கிழங்கு இலை, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், எலும்பு, எண்ணெய்க் கழிவு ஆகியவை வேண்டாம். கவாத்து செய்த தேயிலைக் குச்சிகள் நார் மிகுந்தவை. கலனில் செரிக்காது, எருக்குழிக்கே ஏற்றவை.

சோறு, பழத்தோல் இடுபவர்கள் நுழைவாய்க்குக் கொக்கியுடன் கூடிய கனமான மூடி போட்டே ஆக வேண்டும். இந்த வாசம் கரடியையும் காட்டுப்பன்றியையும் வாசலுக்கு அழைத்துவரும். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடி இன்னும் அவசியம்.

10. பனிக்காலத்துக்கு முன்னேற்பாடு

ஐப்பசி முடிவதற்குள் குவிமாடத்தின் மீது ஓர் அடிக்குக் குறையாமல் காய்ந்த புல்லைப் பரப்பி, அதன்மேல் மழைநீர் இறங்காதபடி பாலித்தீன் போர்த்துங்கள். புல் நனைந்தால் பயனில்லை. இதைவிடச் சிறந்தது கலனைச் சுற்றி எருக்குவியல் அமைப்பது: சருகு, புல், சாணம் கலந்து ஒழுங்காக அடுக்கிய குவியலின் உள்ளே வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும், அந்தச் சூட்டில் ஒரு பகுதி மண் வழியாகக் கலனுக்கு வருகிறது. சூடு தணிந்ததும் குவியலைப் புரட்டிப் போடுங்கள்.

மார்கழி, தை மாதங்களில் ஊட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். வாயு குறைகிறதே என்று கூடுதலாகச் சாணம் இடுவது, வயிறு மந்தமானவருக்கு மேலும் சோறு போடுவதைப் போன்றது. கரைசல் உள்ளே அதிக நாள் தங்கினால்தான் குளிரிலும் செரிக்கும்.

11. செரித்த குழம்பு

உள்ளே ஊற்றிய அளவில் ஏறத்தாழ முழுவதும் வெளியே வரும். சாணத்தின் தழைச்சத்து அதில் அப்படியே இருக்கிறது. வெயிலில் திறந்து வைத்தால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும் என்பதால் நிழலில் மூடிய குழியில் சேமியுங்கள். சருகும் தேயிலைக் குச்சித் துண்டுகளும் பரப்பி அதன்மேல் ஊற்றினால் ஈரம் உறிஞ்சப்பட்டு, தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய எருவாகிவிடும்.

தேயிலைக்குச் செடியின் மேட்டுப்புறத்தில், சரிவுக்குக் குறுக்காகச் சிறிய பள்ளம் எடுத்து ஊற்றி மண்ணால் மூடுங்கள். அடைமழை நாள்களில் இட வேண்டாம். முழுவதும் ஓடைக்குத்தான் போகும், அந்த ஓடை நீரைக் கீழே உள்ளவர்கள் குடிக்கிறார்கள்.

கேரட், முள்ளங்கி, கீரை போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கலனின் வெப்பம் நோய்க்கிருமிகளையும் குடற்புழு முட்டைகளையும் அழிக்கப் போதாது. பச்சையாக உண்ணும் பயிர்களுக்கு விதைப்பதற்கு முன், நிலம் தயாரிக்கும்போது மட்டும் இந்தக் குழம்பைப் பயன்படுத்துங்கள்.

12. தீ குறைந்தால் எந்த வரிசையில் பார்ப்பது

முதலில் குழாயின் நீரை வடியுங்கள். தீ துடித்துத் துடித்து எரிந்தால் பெரும்பாலும் காரணம் இதுவே. பனிக்காலத்தில் வாரம் இருமுறை வடிக்க வேண்டியிருக்கும். அடுத்து ஜெட் துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். மூன்றாவதாக இணைப்புகளில் சோப்பு நீர். இவை மூன்றும் சரியாக இருந்து, அளவியில் அழுத்தமே ஏறவில்லை என்றால் மட்டும் கரைசலைச் சந்தேகியுங்கள்: லிட்மஸ் தாளால் சோதித்து, புளித்திருந்தால் ஊட்டத்தை நிறுத்துங்கள்.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியில் தங்கிய மண்ணையும் மேலே கட்டிய ஏட்டையும் அகற்ற வேண்டிவரும். அதற்காக எவரும் கலனுக்குள் இறங்கக் கூடாது. குழம்பை முழுவதும் இறைத்த பிறகும் உள்ளே நச்சு வாயு தங்கியிருக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள அந்தக் கந்தக வாயு மிகுந்தால் மூக்கு அதை உணரும் திறனையே இழந்துவிடும் என்பதால், நாற்றம் இல்லை என்பதை நம்பவும் கூடாது. மேலிருந்தபடி நீண்ட கம்பில் கட்டிய வாளியாலும் பம்பாலும் எடுக்க முடிந்ததை எடுங்கள். மிச்சத்துக்குத் தகுந்த பாதுகாப்புக் கருவிகளுடன் வரும் பயிற்சி பெற்றவர்களையே அழையுங்கள்.

வெளியே எடுத்ததில் நான்கைந்து கேன்களைத் தனியே மூடி வையுங்கள். மறுபடியும் நிரப்பும்போது உறைக்கு அது வேண்டும்.